வருசத்துக்குப் பதிமூணு மாசம்

வா மாப்ள, திண்ணையில உக்காரு. காளவாசல் சிக்னல்ல இருந்து இம்புட்டுத் தூரம் குனிஞ்ச தலை நிமிராம போனைத் தடவிக்கிட்டே வந்தியே, அப்பவே தெரிஞ்சு போச்சு எனக்கு, பேக்கு முடியப் போகுதுன்னு. "மாமா, எந்த பிளான் போட்டா லாபம்?"னு கேக்குற. நாள் பூராவும் கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற பய, ரீசார்ஜு பண்றதுக்கு ரெண்டு மாடு வச்சிருக்கவன்ட்ட வந்து யோசனை கேக்குறன்னா நாடு முன்னேறித்தான் போச்சு. சந்தோசம்.

லாபம்ங்கிற பேச்சை விடு. லாபம் அவிங்களுக்கு. நம்ம பையில இருந்து போறது எம்புட்டு கொறையும்னு வேணா பாப்பம்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. மாசத்துக்கு எத்தனை நாளு? முப்பதுங்கிற. முப்பத்தொண்ணுங்கிற. பிப்ரவரிக்கு மட்டும் 28. போன் கம்பெனிக்காரய்ங்களுக்கு வருசம் பூராவும் பிப்ரவரிதான். 365-ஐ 28-ஆல வகுத்துப் பாரு, பதிமூணு வரும். பன்னெண்டு மாசச் சம்பளத்தை வாங்கி பதிமூணு மாச ரீசார்ஜு கட்டுறோம். நீ ஒன் முதலாளிட்டப் போயி, 28 நாளைக்கு ஒருக்கா சம்பளம் போடுங்கய்யான்னு கேட்டுப் பாரு. அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவாக.

இதைத் தட்டிக் கேக்க ஆளில்லைன்னு நெனச்சுறாத. டெல்லியில டிராய்னு ஒரு ஆணையம் இருக்கு. 2022 ஜனவரியில உத்தரவே போட்டாக. ஒவ்வொரு கம்பெனியும் முப்பது நாள் ஓடுற பிளான் ஒண்ணாவது வைக்கணும், மாசா மாசம் அதே தேதியில புதுப்பிக்கிற பிளான் ஒண்ணாவது வைக்கணும்னு. இவிங்களும் பெரியவுக சொல்லைத் தட்டாத பிள்ளைகளா ஒண்ணொண்ணு வச்சாய்ங்க. ஆனா ஒன் ஆப்பைத் தொறந்து பாரு. நெத்தியில பொட்டு வச்சு, மாலை போட்டு, முன்வரிசையில நிக்கிறது எது? 28-தான். முப்பதைத் தேடணும்னா கட்டைவெரல் தேயத் தேயத் தள்ளணும்.

28 சின்னது, 84 பெருசுன்னு நெனைக்காத. 84-ங்கிறது மூணு 28. "மூணு மாசப் பேக்கு"ன்னு கடையில கேப்ப, அவுகளும் குடுப்பாக, ஆனா மூணு மாசத்துல ஏழெட்டு நாளைக் காணாது. 336-னு ஒண்ணு இருக்கும். அது பன்னெண்டு 28. வருசப் பேக்குன்னு நெனச்சு வாங்குனா, போன தைக்குப் போட்டது இந்தத் தைக்கு வந்து சேராது, 29 நாளைக்கு முன்னாடியே மார்கழியில மூச்சை விட்டுரும்.

சரி, ஒன் கதைக்கு அப்புறம் வருவம். பாலத்துக்குக் கீழ, தேனி ரோடு பிரியிற எடத்துல அந்த ரீசார்ஜுக் கடை இருக்குல்ல? நேத்து சாயங்காலம் அங்கன நின்னேன். சிமிண்டு காயாத கையோட ஒரு கொத்தனார் வந்தாப்ல. கையில பட்டன் போனு, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்காப்ல, இல்லைன்னா பேட்டரி கழண்டு விழுந்துரும். "அக்கா, பேச மட்டும் போட்டு விடுங்க"ன்னாப்ல. கடைக்காரம்மா நிமிந்தே பாக்கலை, "199 போடவா?"ன்னாக. சட்டைப் பையில நாலா மடிச்சிருந்த ரெண்டு நூறு ரூவாத் தாளை எடுத்துக் குடுத்தாப்ல. அந்தம்மா தட்டுனாக, "டிங்"குன்னு மெசேஜ் வந்துச்சு, மீதி ஒத்த ரூவாய்க்கு ஒரு ஆரஞ்சு மிட்டாயைக் கையில வச்சாக. அம்புட்டுத்தான் வியாபாரம். மெசேஜுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? அளவில்லாத பேச்சு, 28 நாளு, 2 ஜிபி டேட்டா. அந்த பட்டன் போனுல நெட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்த 2 ஜிபி 28 நாள் சிம்முக்குள்ளயே கெடந்து செத்துப் போகும். அதுக்கும் சேத்துத்தான் அந்த மனுசன் செங்கல் தூக்குறாப்ல.

காளவாசல்ல இதெல்லாம் ஒரு அதிசயமான்னு கேப்ப. எனக்கு அதிசயந்தான், ஏன்னா நான் மிஸ்டு கால் காலத்து ஆளு. ஒனக்கு மிஸ்டு கால்னா, ஒங்க ஆத்தா கூப்புட்டு நீ எடுக்காதது. எங்களுக்கு அது ஒரு பாஷை. ஒரு மணி அடிச்சு நின்னா ஊர் போய்ச் சேந்தாச்சு. ரெண்டு மணின்னா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி நிக்கிறேன், வண்டியை எடுத்துட்டு வா. மூணு மணின்னா எடுத்துத் தொலை, அவசரம். ஒங்க அத்தை ஒருக்கா வெவரம் தெரியாம மொத மணியிலயே எடுத்து "அலோ"ன்னுட்டா. ஒத்த ரூவா போச்சேன்னு அன்னைக்கு ராத்திரி வீட்டுல நடந்த பஞ்சாயத்து விராட்டிபத்து வரைக்கும் கேட்டுச்சு.

அந்தப் பாஷை எப்படி வந்துச்சு தெரியுமா? 1995-ல செல்போன் இந்தியாவுக்குள்ள வந்தப்ப பேசுறதுக்கு நிமிசத்துக்குப் பதினாறு ரூவா வரைக்கும் வாங்குனாய்ங்க. நம்மளக் கூப்புடுறவன் பேசுறதுக்கும் நாமதான் காசு குடுக்கணும். 2003 மே மாசந்தான் வர்ற காலுக்குக் காசு இல்லைன்னு ஆச்சு. அதுக்கப்புறம் போனு வச்சிருந்தா போதும், பேலன்ஸு தேவையில்ல, கூப்புடுறவன் பாடு. 2005 கடைசியில, 2006-ல "லைஃப் டைம்"னு ஒரு கூத்து வந்துச்சு. 999 ரூவா கட்டு, ஆயுசுக்கும் கால் வரும்னாய்ங்க. கட்டுனோம். யாரோட ஆயுசுன்னு நாங்களும் கேக்கலை, அவிங்களும் சொல்லலை. 2009-ல டாடா டோகோமோ வந்து, நிமிசக் கணக்கு எதுக்கு, நொடிக்கு ஒரு பைசா குடுத்தாப் போதும்னாய்ங்க. மத்தவுகளும் வேற வழியில்லாம பின்னாலயே வந்தாக. அப்ப போட்டின்னா போட்டி. சம்மட்டிபுரத்துல இருந்து அரசரடி போறதுக்குள்ள பத்துக் கம்பெனிப் பலகை.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. பேச்சு ஓசி, நெட்டு ஓசி. அடுத்த வருசம் மார்ச் வரைக்கும் எல்லாமே ஓசி. ஆதார் அட்டையை எடுத்துக்கிட்டு வெயில்ல வரிசையில நின்னது நீயும்தான். நான் அப்பவே சொன்னேன், சோழியன் குடுமி சும்மா ஆடாதுடான்னு. "மாமாவுக்குப் பொறாமை"ன்ன. சரி, ஆடி முடிஞ்சப்ப யாரு மிஞ்சுனா? ஏர்செல் இல்ல, டோகோமோ இல்ல, ரிலையன்ஸ் கம்யூனிகேசன் இல்ல, யூனினார் இல்ல. வோடஃபோனும் ஐடியாவும் 2018-ல கல்யாணம் பண்ணி வி-ன்னு ஒத்தை எழுத்தா ஆயிருச்சு. இப்பத் தனியார்ல மூணு கடை, அரசாங்கத்துக் கடை ஒண்ணு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சும்மா கால் வாங்குறதுக்கு மட்டும் போனு வச்சிருந்தோம்ல, அந்தக் கூட்டத்தை 2018-ல ஒரு கை பாத்தாய்ங்க. 28 நாளைக்கு 35 ரூவாயாவது போடலைன்னா வர்ற காலும் வராதுன்னாய்ங்க. ஏர்டெல்லை மட்டும் எடுத்துக்க. 2019 கடைசியில குறைஞ்சபட்சம் 45. 2021 ஜூலையில 79. அதே வருசம் நவம்பர்ல 99. 2023 தொடக்கத்துல 155. 2024 ஜூலையில 199. ஆறு வருசத்துல 35-ல இருந்து 199. என் மாட்டுப் பால் வெலை இந்த வேகத்துல ஏறியிருந்தா நான் இந்நேரம் பைபாஸ் ரோட்டுல ரெண்டு மாடி கட்டியிருப்பேன். மத்த ரெண்டு கம்பெனியும் இளைச்சதில்ல. அந்த 2024 ஜூலை மூணாந்தேதி, நாலாந்தேதிக்குள்ள மூணு பேரும் அடுத்தடுத்து ஏத்துனாய்ங்க. பேசி வச்சு ஏத்துனாய்ங்கன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு எதுக்கு வம்பு. ஒரே வாரத்துல மூணு வீட்டுலயும் ஒரே கொழம்பு, அம்புட்டுத்தான் சொல்லுவேன். டிராய் கேக்காதான்னா, ரேட்டு வைக்கிறதுல அவுக தலையிடுறதில்ல, கம்பெனிக்காரன் இஷ்டம்.

ஆனா டிராய் 2024 டிசம்பர்ல ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. டேட்டா வேணாம்ங்கிறவுகளுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கு தனியாப் போடுங்க, 365 நாள் வரைக்கும் வச்சுக்கங்கன்னு விதியை மாத்துனாக. நம்ம கொத்தனாருக்குன்னே எழுதுன விதி. 2025 ஜனவரியில பேக்கும் வந்துச்சு. இங்கதான் மாப்ள நீ கவனிக்கணும். ஏர்டெல்லுல 84 நாளைக்கு 509-னு ஒண்ணு இருந்துச்சு, 6 ஜிபி டேட்டாவோட. டேட்டாவைத் தூக்கிட்டு 499-னாய்ங்க. பத்து ரூவாக் கொறைச்சாய்ங்க. வருசத்துக்கு 1999, 24 ஜிபியோட இருந்துச்சு, அதுல டேட்டாவைத் தூக்கிட்டு 1959. டேட்டாவைத்தான் எடுத்தாய்ங்க, ரேட்டை எடுக்கலை. வெறும் பேச்சுப் பேக்கையெல்லாம் நாங்க ஆராயப் போறோம்னு டிராய் சொன்ன ஒடனே, ரெண்டு மூணு நாள்ல 499 எறங்கி 469 ஆச்சு, 1959 எறங்கி 1849 ஆச்சு. ஜியோவும் 458-ஐ 448 ஆக்குச்சு. வருசத்துக்கு 1958-னு வச்சிருந்ததை எடுத்துட்டு 336 நாளைக்கு 1748-னு வச்சுச்சு. மெரட்டல் கூட வேணாம் பாத்தியா, ஆராய்ச்சின்னாலே எறங்குது.

இப்பச் சொல்லு, 1748 மலிவா, 1849 மலிவா? ஆங், 1748-ங்கிற. ஒன்னைய மாதிரி படிச்சவய்ங்க இருக்க வரைக்கும் கம்பெனிக்கு ஒரு கொறையும் வராது. 1748-ஐ 336-ஆல வகு. நாளுக்கு 5 ரூவா 20 காசு. 1849-ஐ 365-ஆல வகு. 5 ரூவா 7 காசு. நூறு ரூவா கூடத் தெரியிறதுதான் மலிவு. ரீசார்ஜுல ரேட்டை மட்டும் பாக்காத. ரேட்டை நாளால வகுத்துப் பாரு, ஒன் போனுலயே கால்குலேட்டர் இருக்கு, அதுக்கு டேட்டா செலவாகாது. நீ போயி நிக்கிற அன்னைக்கு ரேட்டு வேறயா இருந்தாலும் இந்த வகுத்தல் ஒண்ணுதான்.

வகுத்துப் பாத்தா இன்னொண்ணும் தெரியும், அது சிரிக்கிற விசயமில்ல. கொத்தனார் போட்ட 199-ஐ 28-ஆல வகுத்தா நாளுக்கு 7 ரூவா 11 காசு. வருசத்துக்குப் பதிமூணு தடவை போட்டா 2587. அதே பேச்சுக்கு 1849 போடுறவுகளுக்கு நாளுக்கு அஞ்சு ரூவாச் சொச்சம். வித்தியாசம் 738 ரூவா. கையில மொத்தமா ஈராயிரம் வச்சிருக்கவன் கொறைச்சுக் குடுக்கிறான், அன்னாடம் காச்சி கூடக் குடுக்கிறான். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயித்துக்கிழமை கறி எடுத்துத் திங்கக்கிழமை பஸ்ஸுக்குக் காசு தேடுறவன்ட்டப் போயி, அண்ணே வருசப் பேக்குப் போடுங்கண்ணேன்னா செருப்பால அடிப்பான். அவனுக்கு நான் சொன்ன வழி வேற. எப்பாடு பட்டாவது ஒரே ஒரு தடவை 469-ஐப் பொரட்டிப் போட்டுருய்யா. அதுக்கப்புறம் நாளுக்கு ஆறு ரூவா ஒரு டப்பாவுல போட்டு வா. டீ ஒண்ணு கொறையும், செத்துற மாட்ட. 84 நாள்ல 504 சேரும். அடுத்த 469 போக 35 ரூவா மிச்சம். 2018-ல அந்த 35 ரூவாய்க்குத்தான் ஒரு பேக்கே கெடச்சுச்சுங்கிறது வேற கதை, அதை அவன்ட்ட சொல்லலை.

இப்ப ஒன் விசயத்துக்கு வருவம். ஒன் பிளான் என்ன? 2024 ஜூலையில ஏத்துன ரேட்டுல ஏர்டெல் 349. 28 நாளு, நாளுக்கு ஒண்ணரை ஜிபி. ஆக 42 ஜிபி. செட்டிங்குக்குள்ள போயி, மொபைல் டேட்டா எம்புட்டுச் செலவாச்சுன்னு பாரு. இந்தா, இப்பவே பாரு, வெக்கப்படாத. 9 ஜிபி. ஏண்டா, 42-க்குக் காசு குடுத்து 9-ஐத் தின்னா மீதி எங்க போச்சு? பகல்ல ஆபீசு வைஃபை. ராத்திரி பக்கத்து வீட்டு வாத்தியார் வைஃபை, பாஸ்வேர்டு வாங்கிக் குடுத்த புண்ணியவான் நான்தான், மறந்துறாத. நடுவுல பஸ்ஸுல வர்ற நேரம் மட்டுந்தான் சொந்தக் காசு. டவுன்ஹால் ரோட்டு மெஸ்ஸுல ரெண்டு இட்லி திங்கிற வயிறை வச்சுக்கிட்டு தெனம் ஃபுல் மீல்ஸுக்கு டோக்கன் வாங்குறவன் நீ. அதுலயும் மிச்சத்தைப் பார்சல் கட்ட விட மாட்டாய்ங்க, ராத்திரி பன்னெண்டு மணி அடிச்சா இலையை எடுத்துருவாய்ங்க.

அப்ப டேட்டா இல்லாத பேக்குக்குப் போயிரவான்னு கேக்காத. நீ ஜிபேயில டீக்கே காசு அனுப்புற ஆளு, ஒன்னால முடியாது. ஆனா அதே ஏர்டெல்லுல, அதே ஒண்ணரை ஜிபி, 84 நாளைக்கு 859-னு அப்பவே வச்சாய்ங்க. நீ போடுறது 349, மூணு தடவை போட்டா 1047. நாள் ஒண்ணு, பேச்சு ஒண்ணு, டேட்டா ஒண்ணு, வித்தியாசம் மட்டும் 188. அந்த 188-ஐ யாருக்குக் குடுத்துக்கிட்டு இருந்த? மறதிக்குக் குடுத்த. மூணு தடவை மெரட்டி மெசேஜ் வந்தாத்தான் ரீசார்ஜு ஞாபகம் வருது ஒனக்கு.

5ஜி-ன்னு ஒரு பெருமை பேசுவியே, அதையும் கேட்டுக்க. 2024-ல ரேட்டை ஏத்துன கையோட, நாளுக்கு 2 ஜிபியும் அதுக்கு மேலயும் உள்ள பிளானுக்குத்தான் அளவில்லாத 5ஜின்னு ஜியோவுல சொல்லிட்டாய்ங்க. ஒன் போனு 4ஜி. "5ஜி பிளான் மாமா"ன்னு போன தீவாளிக்கு மார் தட்டுன ஒங்க அண்ணன் போனும் 4ஜி. ஹாட்ஸ்டார் கூட வருதுன்னு சேத்துப் போட்டானே, அதைத் தொறந்து பாத்தானா கேளு. பாஸ்வேர்டே தெரியாது அவனுக்கு.

ஒங்க அம்மா, எந் தங்கச்சி, அவ போனுக்கு மாசா மாசம் 299 போட்டு விடுறியாமே, பாசம். அவ அதுல என்ன பண்றா? காலையில ஒனக்கு ஒரு கால், "சாப்புட்டியா". மத்தியானம் செக்கானூரணியில இருக்க அக்காளுக்கு ஒரு கால், ஒன்னையப் பத்திக் கொறை. சாயங்காலம் எனக்கு ஒரு கால், அக்காளைப் பத்திக் கொறை. இதுக்கு எதுக்குடா தெனம் ஒரு ஜிபி? 1849-ஐப் போட்டு விட்டுரு, வருசம் பூராவும் கொறை சொல்லட்டும். வாட்ஸாப்புல பேரன் படம் பாக்கணும்னு சொன்னான்னா மட்டும் கொஞ்சம் டேட்டா உள்ள வருசப் பேக்கைப் பாரு. இல்லைன்னா ராத்திரி நீ வீட்டுல இருக்கப்ப ஒன் போனுல ஹாட்ஸ்பாட்டைப் போட்டு விடு. ஒன் இலையில மிஞ்சுறதை ஒங்க ஆத்தா திங்கட்டும்.

ஒரு வருசத்துக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாத்துக்க. சிக்னல். தெருவுல இல்ல, வீட்டுக்குள்ள. நாகமலை அடிவாரத்துல ஒங்க வீட்டு அடுப்படியில எந்த சிம்மு எடுக்குதுன்னு பக்கத்து வீட்டுப் போன்களை வாங்கி நின்னு பேசிப் பாரு. மாடிப்படியில ஏறி ஒத்தக் கால்ல நின்னாத்தான் கேக்கும்னா, நாளுக்கு அஞ்சு ரூவாயும் தண்டந்தான்.

கம்பெனி நெலைக்குமான்னும் பாத்துக்க. ஏர்செல் ஞாபகம் இருக்குல்ல? 1999-ல சிவசங்கரன் தமிழ்நாட்டுல தொடங்குனது. சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சச் சட்டையில பேரு போட்டு ஆடுன கம்பெனி. 2018 பிப்ரவரியில ஒரு நாள் பொட்டுன்னு டவர் போச்சு. வேற கம்பெனிக்கு மாறுங்கன்னாய்ங்க. மாறணும்னா 1900-க்கு மெசேஜ் அனுப்பணும். மெசேஜ் அனுப்ப டவர் வேணும். டவர் இருந்தா நான் ஏண்டா மாறப் போறேன்? தமிழ்நாடே போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மொட்டை மாடியில நின்னுச்சு. அந்த மாசம் முடியிறதுக்குள்ள கம்பெனி திவால் மனுப் போட்டுருச்சு. பேலன்ஸுல காசு வச்சிருந்தவுக அலையா அலைஞ்சாக.

டவர் நல்லா இருக்கப்ப மாறுறது சுளுவு. நம்பர் மாறாது, 2011-ல இருந்து நாடு பூராவும் இருக்க வசதி. PORT-னு இங்கிலீசுல அடிச்சு, ஒரு எடம் விட்டு ஒன் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பு. எட்டெழுத்துல ஒரு கோடு வரும், நாலு நாளைக்குள்ள புதுக் கம்பெனிக் கடையில ஆதாரோட போயி நில்லு. இருக்க கம்பெனியில 90 நாள் ஆகியிருக்கணும். பேக்கு பாதி இருக்கப்ப மாறாத, மிச்ச நாளு உனக்கு வராது. கடைசி வாரத்துல மாறு. அந்த மெசேஜைத் தட்டி விட்ட ஒடனே, இத்தனை வருசம் ஒன் மொகத்தைப் பாக்காத கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு போன் போட்டு, "சார், எங்ககிட்ட என்ன கொறை?"ன்னு கேக்கும். மாமியார் வீட்டுல கூட ஒனக்கு அம்புட்டு மரியாதை கெடைக்காது. நல்ல ஆஃபர் சொன்னா கேட்டுக்க, மயங்கிறாத.

அப்புறம் அந்த பிஎஸ்என்எல். 2024-ல மூணு பேரும் ஏத்துனப்ப ஏத்தாம நின்னது அது ஒண்ணுதான். லட்சக்கணக்குல ஆளுக போயி ஏறுனாக. 2025 செப்டம்பர்ல நாடு பூராவும் 4ஜியைத் தொடங்கி வச்சாக. மலிவுதான், நான் இல்லைங்கலை. ஆனா ரேட்டைத் தொடாம நாளைக் கொறைக்கிற வித்தை அவுகளுக்கும் தெரியும். அங்கயும் அதே வகுத்தல், அதே அடுப்படி.

சும்மா மேசையில கெடக்குற ரெண்டாவது சிம்மு ஒண்ணு வச்சிருக்கியே, யாருக்குக் குடுத்த நம்பர்னு நான் கேக்கலை. அது சாகாம இருக்கணும்னா அதுல 20 ரூவாய்க்குக் கொறையாம பேலன்ஸு வச்சிரு. 90 நாள் தொடாமக் கெடந்தாலும் நம்பரைப் பிடுங்க மாட்டாய்ங்க, 20 ரூவாயை எடுத்துக்கிட்டு முப்பது நாள் நீட்டுவாய்ங்க. இது 2013-லயே வந்த விதி, வாட்ஸாப்புல போன வருசம் புதுசுன்னு அனுப்புனியே, அதுதான். பேசணும்னா பேக்குப் போட்டுத்தான் ஆகணும். 20 போடுறப்ப 20-ம் ஏறுமான்னு கேக்காத. பத்துக்கு 7 ரூவா 47 காசுதான் ஏறும், மிச்சம் வரி, கட்டணம். பாத்துக் கூடவே போடு.

ஆப்புல போடாத, கடையில போடு. ஜிபே மாதிரி ஆப்புல சேவைக் கட்டணம்னு ரெண்டு ரூவா மூணு ரூவா கடிப்பாய்ங்க. பாலத்துக்குக் கீழ கடைக்காரம்மா ஒரு ரூவா கூடக் கேக்க மாட்டாக, மேக்கொண்டு ஆரஞ்சு மிட்டாய் வேற. பேக்கு முடிய ரெண்டு நாள் இருக்கே, இப்பப் போட்டா வரிசையில நிக்குமா, இப்பவே ஓடத் தொடங்கிருமான்னு மட்டும் கேட்டுக்க.

எந்திரி, எட்டரைக்குக் கடையைச் சாத்திருவாக. ஒங்க அம்மாவுக்கு 1849, ஒனக்கு 859. அப்படியே என் நம்பருக்கும் ஒரு 469-ஐச் சேத்துப் போட்டுரு, நாளையோட முடியுது. என்ன முழிக்கிற? வக்கீலு வீட்டுக்குப் போயிட்டுச் சும்மா வருவியா? 199 கணக்குலயே வச்சுக்கிட்டாலும் ஒங்க அம்மா போனுல வருசத்துக்கு 738 மிச்சம், ஒன் போனுல மூணு பேக்குக்கு 188 மிச்சம். கூட்டுனா 926. அதுல எனக்கு 469 போக, மீதி 457 ஒனக்குத்தான மாப்ள. அதை நான் கேக்கவே இல்லையே.